புதுநூலும் புனைந்துரையும்

புதிய நூல் ஒன்று வெளிவந்ததும் அதனைக் கற்றறிந்தார் ஒருவர் மற்றையோர்க்கு எடுத்துரைத்தல் பண்டுதொட்டு வரும் வழக்கமாகும். இன்று பத்திரிகை மதிப்புரையும் வானொலிப் பேச்சும் இப்பணியைச் செய்கின்றன. அச்சுப்பொறி வருமுன் இதே பணியைச் செய்துவந்தது பாயிரம். பாயிரத்தின் வரலாற்றையும் உவமைக் கலையின் வரலாற்றையும் ஒருங்குவைத்து நோக்குதல் இப்பேச்சின் நோக்கம். இவை இருவேறு துறைகள் போலத் தோன்றினும், ஒரு நூலை எவ்வாறு புகழ்தல் தகும் என்னும் வினாவில் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இவ்வினா பொழுதுபோக்கிற்கு எழுந்ததன்று. ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலின் உயிரே இதனைச் சார்ந்து நின்றது. பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் நில்லாது. செல்லும் இராமபாணப் பூச்சியும் அதனை அரித்துவிடும். ஆதலின் தலைமுறைதோறும் யாராவது ஒருவர் பழைய ஏட்டை எதிரே வைத்துப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுதல் வேண்டும். எழுத்தாணி பிடித்துப் பல நாள் உழைப்பதற்கு அந்நூல் தகுதியுடையது என்று ஒருவர் சொல்லவேண்டும்; அதனை மற்றொருவர் நம்பவும் வேண்டும். அவ்வாறு சொல்வாரும் நம்புவாரும் அற்றுப்போன நூல்கள் மாண்டன. ஐம்பெருங் காப்பியங்கள் என எண்ணப்பட்டவற்றுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சிற்சில செய்யுள்களாகவே எஞ்சி நிற்கின்றன. பாயிரம் என்பது புலவர்தம் உபசாரமொழி மட்டும் அன்று, நூலைக் காலங்கடத்தும் தோணிகளுள் ஒன்றுமாகும் என்பது இதனாற் புலனாகும்.

நமக்குக் கிடைத்த பாயிரங்களுள் மிகப் பழையது தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப்பாயிரம். அது புகழ்வது தமிழின் தலைநூலை. அத்தகைய நூலைப் புகழப் புகுந்த புலவர் கடலையும் மலையையும் ஞாயிற்றையும் துணைக்கழைத்திருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவரோ ஓர் உவமையும் கூறினாரல்லர். தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை வேங்கடம், தென்னெல்லை குமரி என்கின்றார். அந்நிலத்து உலகவழக்கையும் செய்யுள் வழக்கையும் ஆராய்ந்து, முன்னை நூல்களையும் கண்டு, ஆசிரியர் இந்நூலைத் தொகுத்தார் என்கின்றார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்பாருக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்கின்றார். நூல் எதைப்பற்றியது, எவ்வாறு இயற்றப்பட்டது, எவர் முன்னிலையில் ஆராயப்பட்டது என்னும் மூன்றையும் சில அடிகளில் அறிந்துவிடுகின்றோம். புகழ்மொழி இல்லாமல் இல்லை. ஆயின் அது கடைசியில், செய்திகளுக்குப் பின்னரே வருகின்றது.

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். நம் நாட்டு நாவலர் பெருமான் இதற்குக் காண்டிகையுரை செய்தமையால், ஈழத்து மாணாக்கர் பல தலைமுறையாக இதனை நன்கறிவர். நன்னூலின் பாயிரப் பகுதி, சிறப்புப்பாயிரம் கூறவேண்டிய செய்திகளை எட்டாக வகுக்கின்றது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அதன் யாப்பு, நுதலிய பொருள், கேட்டற்குரியார், கற்பதனால் வரும் பயன் என்பன அவ்வெட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையுங் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். இக்காலத்து மதிப்புரைகள் பலவற்றை இப்பட்டியலோடு வைத்து ஒப்பிட்டால், பாதிச் செய்தியும் தேறாதவை எத்தனையோ உள.

சிறப்புப்பாயிரம் செய்தற்குரியார் இன்னார் என்பதையும் அந்நூல் வரையறுக்கின்றது. ஆசிரியனுடைய ஆசிரியன், உடன்கற்ற சாலை மாணாக்கன், அவனிடங் கற்ற மாணாக்கன், அந்நூலுக்குத் தகுதியான உரை செய்தோன் ஆகிய நால்வருமே உரியர். நால்வரும் நூலாசிரியருக்கு நெருங்கியவர்கள் என்பதைக் காண்க. இன்று நாம் இதனை நண்பர்க்கு நண்பர் பாராட்டு என்று ஐயுறுவோம். இலக்கணநூலார் வேறு விதமாக எண்ணினர் போலும். நூலை உள்ளும் புறமும் அறிந்தவனே அதனைப்பற்றிப் பேசலாம் என்பது அவர் துணிபு. அறிந்தவன் நெருங்கியவனாக இருப்பின் அன்பினால் மிகைப்படுத்துவான் என்பதும் அவர் அறியாததன்று. அந்த அன்புக்குக் கரைகட்டவே எட்டுச் செய்திகளை விதித்தனர் எனக் கொள்ளலாம். எவ்வளவு புகழ்ந்தாலும் புகழ்க. நூலின் பொருளையும் வழியையும் பயனையும் சொல்லாமற் போகற்க என்பது அவ்விதியின் உட்கிடை.

எனினும் இதே நன்னூல் பாயிரத்திற்குக் கூறும் மறுபெயர்களை நோக்குதல் வேண்டும். முகவுரை, நூன்முகம் என்பவற்றோடு அணிந்துரை, புனைந்துரை என்பனவும் அங்கே உள. அணிந்து உரைப்பது, புனைந்து உரைப்பது என்பதே இவற்றின் பொருள். மாளிகைக்குச் சித்திரமும், நகருக்குக் கோபுரமும், மகளிர்க்கு அணிகலனும் எவ்வாறோ அவ்வாறு நூலுக்குப் பாயிரம் என்று பிறிதொரு சூத்திரமும் பேசுகின்றது. நன்னூலுக்கு அமைந்த சிறப்புப்பாயிரமே உலகின் இருளகற்றும் ஞாயிற்றை உவமைகாட்டித்தான் தொடங்குகின்றது. ஆகவே பாயிரம் செய்தியுமாக வேண்டும், அணியுமாக வேண்டும் என்னும் இரட்டைக் கடமை அதற்கு வந்துவிட்டது. கோபுரத்தைக் கண்டு நகருக்குள் வருவோர் உண்டு. உள்ளே நகரே இல்லாத கோபுரமும் எழக்கூடும். அணி எங்கே உதவும், எங்கே மறைக்கும் என்று அறிதற்கு உவமை பற்றிய பழைய இலக்கணத்தை நாடுதல் வேண்டும்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாம் இயல் உவமவியல். அதன் தொடக்கத்திலேயே உவமை பிறக்கும் இடங்களை ஆசிரியர் நான்காக வகுத்துவிடுகின்றார். வினை, பயன், மெய், உரு என்பன அவை. வீரன் புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. கைம்மாறு கருதாது பெய்யும் மழையை வள்ளலின் கைக்கு ஒப்பிடுதல் பயன். உடுக்கையின் நடுவை மகளிர் இடைக்கு ஒப்பிடுதல் மெய், அதாவது வடிவு. பவளத்தை இதழுக்கு ஒப்பிடுதல் உரு, அதாவது நிறம். உவமை, பொருளினும் உயர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பது அடுத்துவரும் விதி. உவமையும் பொருளும் தம்முள் ஒத்தல் வேண்டும் என்பது மற்றொரு விதி. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. உயர்ந்தது எதுவாயினும் கொண்டுவந்து வைக்கலாம் என்று ஆசிரியர் உரிமை வழங்கவில்லை. எந்த வகையில் ஒத்தது என்று கேட்டால், தொழிலாலா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா என்று விடை கூற உவமை கடமைப்பட்டுள்ளது.

இவ்வியல் நமக்குக் கிடைத்த வரலாறும் நினைவுகூரத்தக்கது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885ஆம் ஆண்டு பொருளதிகாரத்தை உரையோடு அச்சிட்டார்கள். தொட்டால் ஒடியும் ஏடுகளை வைத்துக்கொண்டு தாம் பட்ட பாட்டினை அவர்கள் தம் பதிப்புரையிற் பதிந்துள்ளார்கள். அப்பதிப்பில் உரை முழுவதும் நச்சினார்க்கினியர் பெயரால் வெளிவந்தது. மெய்ப்பாட்டியல் முதலாகிய பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையது என்பதை இரா. இராகவையங்கார் பின்னர் ஆராய்ந்து காட்டினார். அந்தப் பின்னான்கு இயல்களையும் பேராசிரியர் உரையோடும் தம் விளக்கக் குறிப்புக்களோடும் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அவர்கள் 1943ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். அப்பதிப்பைச் சுன்னாகத்திலிருந்து வெளிக்கொணர்ந்தவர் 'ஈழகேசரி' நா. பொன்னையா அவர்கள். உவமையின் இலக்கணம் இன்று நம் கைக்கு எட்டுவதில் ஈழத்தவர் பங்கு சிறிதன்று.

பிற்காலத்தில் அணியிலக்கணம் தனித்துறையாகப் பெருகிற்று. காஞ்சிமாநகரோடு தொடர்புடைய தண்டி என்னும் வடமொழியாசிரியர் இயற்றிய காவியாதரிசம் தென்னாட்டிலும் அப்பாலும் பரந்து சென்றது. 9ஆம் நூற்றாண்டில் கன்னடக் கவிராஜமார்க்கத்திற்கு அது வழிகாட்டிற்று. ஏறத்தாழ அக்காலத்தை ஒட்டியே இலங்கையிற் சிங்கள மொழியிற் சியபஸ்லகர என்னும் நூலாக உருப்பெற்றது. 12ஆம் நூற்றாண்டளவிற் தமிழிற் தண்டியலங்காரம் ஆயிற்று. ஒரே அணிநூலைத் தமிழரும் சிங்களவரும் தத்தம் மொழியிற் கற்றனர் என்பது மகிழ்ச்சி தரும் செய்தியாகும். தண்டியலங்காரத்தின் பொருளணியியல் 35 அணிகளை வகுத்துரைக்கின்றது. அவற்றுள் உவமை ஒன்றே பல்வேறு விகற்பங்களாக விரிகின்றது. இதனாற் கவிஞர்க்குக் கருவிகள் பெருகின. கருவி பெருகியபோது, ஒத்தல் வேண்டும் என்ற பழைய தளை தளர்வதற்கும் வாய்ப்புண்டாயிற்று.

நூலைப் போற்றும் மொழியும் உவமைக் கலையும் உயரிய முறையிற் கூடிய இடம் திருவள்ளுவமாலை. சங்கப்புலவர் பெயர்களால் வழங்கும் 50க்கு மேற்பட்ட வெண்பாக்கள் கொண்ட இத்தொகுப்பு, அப்புலவர் காலத்திற்குப் பிற்பட்டதென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அது எவ்வாறாயினும், ஒரே நூலைப் பலர் புகழப் புகுந்தால் எத்தனை வழியிற் புகழலாம் என்பதற்கு இதனைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. கபிலர் பெயரால் அமைந்த வெண்பாவைக் கருதுக. சிறு புல்லின் நுனியில் நிற்கும் பனித்துளி தினையளவும் இராது. அதனுள்ளே நெடிய பனைமரத்தின் உருவம் முழுதுந் தெரியும். வள்ளுவர் குறளும் அத்தகையது என்பது அதன் கருத்து.

இவ்வுவமையின் அருமையை அறிய எளிய வழி ஒன்றுண்டு. இதனை இருந்த இடத்தினின்றும் பெயர்த்துக் கம்பராமாயணத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். பொருந்தாது. சிலப்பதிகாரத்தின்மேல் வைத்தாலும் பொருந்தாது. ஏனெனில் அவை துளியல்ல. ஈரடியால் அமைந்து பெரும்பொருளைக் காட்டும் நூலுக்கே அது பொருந்தும். குறளை ஒருகாலும் காணாத ஒருவன் இவ்வுவமையைக் கேட்டமாத்திரத்தே, நூல் சிறிய பாக்களால் ஆனது, ஒவ்வொரு பாவும் தன்னளவில் முழுமையுடையது என்னும் இரண்டையும் அறிந்துகொள்கின்றான். நன்னூலார் விதித்த எட்டனுள் யாப்பையும் பயனையும் இவ்வுவமை தன்னுள்ளே அடக்கிவிட்டது. அணியும் செய்தியும் இங்கே வேறுவேறாக இல்லை.

அதே தொகுப்பிலுள்ள மற்றொரு புகழ்மொழி கடுகைத் துளைத்து ஏழுகடலையும் அதனுட் புகுத்தியது போன்றது குறள் என்பது. அது இடைக்காடர் பெயரால் வழங்குகின்றது. ஔவையார் பெயரால் வழங்கும் பாடத்திற் கடுகின் இடத்தை அணு பிடித்துக்கொள்கின்றது. கடுகு நம் அடுக்களையில் உள்ள பொருள். விரல்நுனியில் எடுத்துப் பார்க்கலாம். அணுவோ கண்ணுக்குப் புலனாகாதது. புகழ் ஏறியது உண்மை. ஆனால் கேட்போன் மனக்கண்முன் நின்ற பொருள் மறைந்தது. புகழ்மொழி ஒன்றையொன்று விஞ்ச முற்படும்போது என்ன நேரும் என்பதற்கு இச்சிறு மாற்றம் நல்ல சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவிற்று. 1850ஆம் ஆண்டளவில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவி நூல்களை வெளியிடலாயினர். ஓலையில் ஒருபடி எழுதுவதற்கு ஆகும் காலத்தில் அச்சில் நூற்றுக்கணக்கான படிகள் வெளிவந்தன. நூலின் உயிரைக் காக்கும் பொறுப்புப் பாயிரத்தினின்றும் நீங்கி அச்சகத்தைச் சார்ந்தது. அதன் விளைவாகச் சாற்றுகவி என்னும் வழக்கம் பெருகிற்று. நூலின் முற்பக்கங்களில் ஒருவரன்றிப் பலர் தத்தம் பெயரோடும் பட்டத்தோடும் பாராட்டுப் பாக்கள் வழங்கினர். நூலைத் தேன் என்றும் அமிழ்தம் என்றும் கடல் என்றும் கதிரவன் என்றும் அவை கூறின. அவற்றை ஒரு தலபுராணத்தினின்றும் எடுத்து ஒரு மருத்துவ வாகடத்தில் வைத்தாலும், பெயரை மட்டும் மாற்றினாற் போதும். பனித்துளி உவமை தேறிய தேர்வில் இவை தேறா.

எனினும் சாற்றுகவிகளை முற்றாக இகழ்தல் நன்றிகேடாகும். நூல் அச்சேறிய ஆண்டு, அச்சிட்டவர் பெயர், பொருளுதவி செய்த செல்வர், ஆசிரியரின் ஊரும் மரபும் ஆகிய செய்திகள் பலவற்றை அவையே நமக்குக் காத்துத் தந்தன. ஈழத்துப் புலவர் வரலாற்றை எழுதுவோர்க்கு இச்செய்யுள்கள் இன்றியமையாத சான்றுகளாகும். இதிற் காணத்தக்க உண்மை யாதெனின், அப்பாக்களில் நிலைத்த பயன் தந்த பகுதி நன்னூலார் விதித்த எட்டுச் செய்திகளைச் சார்ந்த பகுதியே. கடலும் கதிரவனும் எவருக்கும் பயன்பட்டில.

இதன் பின்னர் உரைநடை வந்து பாயிரத்தின் இடத்தைப் பிடித்தது. தாமோதரம்பிள்ளை அவர்களின் பதிப்புரைகள் ஏடு கிடைத்த இடம், பாடவேறுபாடு, நூலின் காலம் என்பவற்றை விரித்துப் பேசின. 1912ஆம் ஆண்டு பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்ட பாரதியார், எளிய பதங்களும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்ட காவியமே காலத்தின் தேவை எனத் தம் முகவுரையிற் கூறினார். நூலின் கேட்போர் யார், காரணம் யாது என்னும் பழைய வினாக்களுக்குப் புதிய விடை அது. 1950களில் க. நா. சுப்ரமண்யம் அவர்கள் 'படித்திருக்கிறீர்களா?' என்னும் தலைப்பிற் தாம் விரும்பிய தமிழ்நூல்களை அறிமுகஞ்செய்து கட்டுரைகள் எழுதினார். பரிந்துரை என்பது தனியொரு நூல்வகையாகவே வளர்ந்துவிட்டமைக்கு அது சான்று.

பழைய முறை புதிய நூலுக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர், விபுலாநந்த அடிகளின் யாழ்நூலை எண்ணிப் பார்க்கலாம். ஆக்கியோன், மட்டக்களப்புக் காரைதீவிற் பிறந்து அறிவியலும் கற்றுத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். வழி, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் தேவாரப் பண்களும். யாப்பு, பாயிரவியல் முதல் ஒழிபியல் ஈறாக ஏழு இயல்கள். நுதலிய பொருள், வழக்கொழிந்த யாழின் உறுப்பும் நரம்பும் பண்ணும். கேட்போர், இசையும் கணிதமும் ஓரளவு அறிந்தோர். பயன், பழந்தமிழ் இசையின் அமைப்பை விளங்கிக்கொள்ளுதல். காலம், 1947ஆம் ஆண்டு ஜூன் 5, 6ஆம் நாள்கள். களம், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேற்றம் நிகழ்ந்த திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயில். அவ்வாண்டு ஜூலை 19இல் அடிகள் மறைந்தார். புகழ்மொழி ஒன்றும் கூறாமல் இவ்வளவே சொன்னாலும், நூலைத் தேடிக் கற்கவேண்டும் என்னும் வேட்கை எழுகின்றதன்றோ?

செய்தி போதுமெனின் உவமை எதற்கு என்று கேட்கலாம். நூலின் வகை வேறுபடுந்தோறும் வாசகன் எதனை எதிர்பார்த்து அதனிடம் செல்லவேண்டும் என்பதை விரைவில் உணர்த்த உவமையே வல்லது. தொல்காப்பியர் கூறிய நான்கினையும் இங்கே நான்கு வினாக்களாகக் கொள்ளலாம். இது அவர் விதித்ததன்று. அவர் விதியை வேறோரிடத்திற் பொருத்திக் காணும் முயற்சியே. கதையும் நாடகமும் ஆயின் அவற்றின் வினை யாது, படிப்போன் நெஞ்சில் அவை என்ன செய்கின்றன என்று கேட்கலாம். அகராதியும் வாகடமும் ஆயின் பயனைக் கேட்கலாம். வரலாறும் இலக்கணமும் ஆயின் மெய்யைக் கேட்கலாம், அதாவது சான்றுகள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதனை. கவிதையாயின் உருவைக் கேட்கலாம், அதன் மொழியின் நிறத்தை.

சான்றாக, சைமன் காசிச்செட்டி அவர்கள் புலவர் வரலாறுகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் 1859ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலைக் கடல் என்றால் ஒன்றும் விளங்காது. ஊருக்குப் புதிதாய் வந்தவனுக்கு இன்னார் வீடு இன்ன தெருவில் என்று சொல்லும் ஊர்ப்பெரியவர் போன்றது என்றால், அதனை எப்போது திறக்கவேண்டும் என்பது விளங்கும். கணேசையர் அவர்களின் தொல்காப்பியக் குறிப்புக்களைக் கேணிப்படிக்கு ஒப்பிடலாம். நீர் கேணியினுடையது, கீழே இறங்கி மொண்டு கொள்வதற்குப் படி வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று மாற்றிவைத்தால் இரண்டும் பிழைபடும். அப்படிப் பிழைபடுவதே அவை தத்தம் நூலுக்கு உரியன என்பதற்கு அடையாளம்.

இன்று நூல்கள் செல்லரித்து மாள்வது குறைந்துவிட்டது. ஆனால் எண்ணிறந்த நூல்களுக்கிடையே ஒருவர் கண்ணிலும் படாமற் கிடப்பதும் ஒருவகை மரணமே. வாசகனின் பொழுதும் பொருளும் அளவுடையன. தேனும் அமிழ்தமும் சொல்லி அவனை ஒருமுறை ஏமாற்றினால், மறுமுறை உண்மையாகவே நல்ல நூல் ஒன்றைக் காட்டும்போது அவன் திரும்பிப் பாரான். அந்த இழப்பு அடுத்து வரும் நூலாசிரியனைச் சேரும். ஆதலின் புதுநூல் ஒன்றைப் புனைந்துரைக்கும் பொறுப்பை ஏற்போர், பனம்பாரனாரைப் போலச் செய்தியை முன்வைத்து, அதன்பின் உவமை ஒன்று வேண்டுமாயின் கபிலர் பெயரால் வழங்கும் வெண்பாவின் பனித்துளியை நினைவிற்கொண்டு தேடுவாராக. கிடைத்த உவமையை வேறொரு நூலின்மேல் ஒருமுறை வைத்துப் பார்க்க. அங்கும் பொருந்துமாயின் அதனை விட்டுவிடுக.